கிட்டா, கழற்றிய பாகமா, புதியதா: பழைய 4 வீல் டிரைவ் பிக்கப்பில் எதற்கு எது

இருபது வருடம் ஓடிய 4 வீல் டிரைவ் பிக்கப்பில் ஏதாவது ஒன்று முனக ஆரம்பித்தால் வழி மூன்றுதான். பாகத்தைப் பிரித்து, உள்ளே இருக்கும் சீல், பேரிங், ரப்பர் எல்லாவற்றையும் மாற்றித் திரும்பக் கட்டலாம்; அந்தச் சிறு பாகங்கள் சேர்ந்து வரும் பொட்டலம்தான் கிட். வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய அசெம்பிளியை அப்படியே மாட்டலாம். புதிதாக வாங்கிப் போடலாம். விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதே வேலையை இரண்டு தடவை செய்கிறார்கள்.

விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது வேறு. எந்தப் பாகத்திலும் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை சில உண்டு: ஆயில் சீல், பேரிங், புஷ், பிரேக் கப். அவை போனால் போகட்டும். அவை எதன்மேல் உட்கார்ந்திருக்கின்றனவோ அந்த உலோகப் பரப்புதான் கேள்வி. சீலின் உதடு உரசும் ஷாஃப்ட், பேரிங்கின் வெளிவளையம் இறுகி நிற்கும் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்), பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர். பரப்பு நன்றாக இருந்தால் கிட் போதும், புதியது வீண் செலவு. பரப்பே போய்விட்டால் எத்தனை கிட் போட்டாலும் சீக்கிரமே மறுபடி கழற்ற வேண்டியதுதான். ஆகவே வாங்குவதற்கு முன் கழற்றுங்கள், கழுவுங்கள், விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் அங்கே பள்ளம் இருக்கிறது.

இந்த அளவுகோல் பிரேக்கைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் செல்லும். பிரேக்கில் கணக்கு கொஞ்சம் மாறும்.

முதலில் சேசிஸ்

எஞ்சின், கியர் பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் மாற்றக்கூடியவை. வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸைத் துரு தின்றிருந்தால் மற்ற ஒப்பீடுகளுக்கே அர்த்தமில்லை. பின் ஆக்ஸிலுக்கு மேலே சேசிஸ் வளைந்து ஏறும் இடம், பட்டை ஸ்பிரிங்கின் ஷேக்கிள் தாங்கி, முன் சக்கரத்துக்குப் பின்னால் சேறு அடிக்கும் பகுதி, கேபின் உட்காரும் ரப்பருக்கு அடிப்புறம் ஆகியவற்றைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்தது ‘தொப்’பென்று கேட்கும். பெட்டி வடிவச் சேசிஸ் உள்ளிருந்து வெளியே அரிக்கும் என்பதால் வெளியே பெயின்ட் பளபளப்பாக இருப்பது எதற்கும் சாட்சியல்ல.

ஓரிரு இடத்தில் கைப்பிடி அளவு துரு என்றால் நல்ல இரும்பு வரும்வரை வெட்டிவிட்டு அதே கனத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். தகட்டின் ஓரம் செங்குத்தாக இருக்கக் கூடாது. சாய்வாக, வைர வடிவில் வெட்ட வேண்டும். செங்குத்தான வெல்டிங் கோடு சேசிஸின் குறுக்கே ஒரு பலவீனக் கோடாக மாறி, பாரம் ஏற்றும்போது அங்கேயே விரிசல் விடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் இரண்டு முனைகளையும், ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்றிவிடுங்கள். பின் ஆக்ஸில் வளைவில் இரண்டு பக்கமும் ஸ்குரூடிரைவர் உள்ளே இறங்குகிறதென்றால் ஒட்டுப் போடும் எண்ணத்தை விட்டுவிடலாம். அங்கே வேறு சேசிஸ்தான், இல்லையென்றால் வேறு வண்டிதான்.

ஜாக்கியில் ஏற்றும்போது

4 வீல் டிரைவ் வண்டிக்கென்று ஒரு தனி ஆபத்து இருக்கிறது. எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸின் லீவர் நியூட்ரலில் இருந்தால், கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி உருளும். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இல்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க ஷாஃப்டைப் பிடிக்கும் வண்டிகளும் உண்டு. அவற்றில் ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால், தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுழல, தரையிலிருக்கும் சக்கரம் தாராளமாக உருளும். பிரேக் போட்டிருந்தும் பயனில்லை. தரையில் நிற்கும் டயர்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டு, ஆக்ஸில் குழாய்க்கோ சேசிஸுக்கோ அடியில் ஸ்டாண்டு வைத்த பிறகே கீழே படுங்கள்.

முன் ஹப்: அதிகம் ஏமாறுகிற இடம்

சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட். இரண்டு முன் சக்கரத்தையும் ஒரே குழாய் இணைக்கும் ஒரே துண்டு ஆக்ஸில் என்றால் கிங்பின் பேரிங். இடமும் வலமுமாக ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் டை ராடு முனை. இந்தச் சோதனையைச் செய்யாமல் பேரிங் வாங்கி மாற்றிவிட்டு, ஆட்டம் அப்படியே இருக்கிறதென்று புலம்புவது வழக்கமான கதை.

பேரிங்தான் என்று உறுதியானால் மூன்று தேர்வு: கழுவி கிரீஸ் போடுவது, பேரிங் மாற்றுவது, ஹப்பையே மாற்றுவது. முன் சக்கரத்தை ஷாஃப்ட்டோடு பூட்டவும் விடுவிக்கவும் செய்யும் லாக்கிங் ஹப்பைக் கழற்றும்போது ஸ்டட்களில் கூம்பு வாஷர் இருந்தால், நட்டை எடுத்தபின் பித்தளை உளியால் ஹப்பைச் சுற்றித் தட்டினால் அது துள்ளி வெளியே வரும். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் ஹப்பின் முகம் கீறிவிடும். உள்ளே இருக்கும் பெரிய நட்டுக்குப் பல ஜப்பானிய வண்டிகளில் 54 மி.மீ. சாக்கெட் வேண்டும். உளி வைத்துத் திருப்புவோர் உண்டு. அப்படித் திருப்பிய நட்டில் இறுக்கத்தை அளந்து வைக்கவே முடியாது. சாக்கெட்டுக்குக் கொடுக்கும் காசு முதல் வேலையிலேயே திரும்பிவிடும்.

பேரிங்கை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவிக் காயவிட்டுப் பாருங்கள். உருளைகளும் வளையமும் வழவழப்பாக, ஒரே நிறமாக இருந்தால் கிரீஸ் போட்டுத் திரும்ப மாட்டலாம். நீலம் பாரித்திருந்தால் சூட்டில் இரும்பு பதம் இழந்துவிட்டது. உருளைகளின் இடைவெளிக்கு ஏற்ப வெளிவளையத்தில் கோடு கோடாகப் பள்ளம் தெரிந்தால் அதுவும் கழிவு. புதிய உள்பகுதியைப் பழைய வெளிவளையத்தோடு சேர்க்காதீர்கள்; இரண்டும் ஜோடியாகத்தான் போக வேண்டும்.

ஹப்பை மாற்றும் கேள்வி இங்கேதான் வருகிறது. புதிய வெளிவளையம் சுத்தியலுக்கு எதிர்ப்புக் காட்டி இறங்க வேண்டும். கையால் தள்ளினாலே போய் உட்கார்ந்தால் பழைய வளையம் ஹப்புக்குள் சுழன்று துளையைத் தேய்த்துவிட்டது என்று பொருள். பசை தடவி ஒட்டுவது, துளைக்குள் உளியால் புள்ளி குத்துவது எல்லாம் நாள் கடத்தும் வேலை. இந்த இடத்தில் கழற்றிய ஹப் மிகச் சரியான தேர்வு. வார்ப்பிரும்புக்கு வயதில்லை; துளை நன்றாக இருந்தால் அது புதியதற்குச் சமம். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: பேரிங்கின் உள்வளையம், ஹப் சுழலும் அச்சான ஸ்பிண்டிலில் கையாலேயே நழுவி ஏறும். அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

இறுக்கம் வைப்பதில்தான் பேரிங்கின் ஆயுள். ஒரே துண்டு முன் ஆக்ஸில் கொண்ட ஒரு பிரபல ஜப்பானிய வகைக்கான முறை இது: நட்டை 59 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, ஹப்பை இரண்டு திசையிலும் பல சுற்று சுற்றி, நட்டைத் தளர்த்தி, மறுபடி 5.4 நியூட்டன் மீட்டருக்கு மட்டும் இறுக்க வேண்டும். பிறகு வீல் ஸ்டட்டில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தால் 28 முதல் 56 நியூட்டனுக்குள், அதாவது ஏறத்தாழ 2.9 முதல் 5.7 கிலோ இழுப்பில் ஹப் நகரத் தொடங்க வேண்டும். உங்கள் வண்டியின் எண் வேறாக இருக்கலாம், அதற்கான சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். முறை பெரும்பாலும் இதுதான். பூட்டு நட்டை இறுக்கியபின் தராசை மறுபடி மாட்டிப் பாருங்கள். பூட்டு நட்டு உள் நட்டையும் கொஞ்சம் உள்ளே தள்ளும். அதைப் பார்க்காமல் மூடினால் போட்ட இறுக்கம் ஒன்று, இருக்கும் இறுக்கம் வேறு.

லித்தியம் காம்ப்ளக்ஸ் வகை, 2ஆம் எண் கிரீஸ் போதும். உருளைகளுக்கு நடுவே பிதுங்கும்வரை அழுத்தி நிரப்புங்கள். ஹப்பின் உள்வெளியை மட்டும் முழுக்க அடைக்காதீர்கள்; சூட்டில் விரிந்து சீலைத் தாண்டி பிரேக்கில் வழியும். முடித்தபின் 20 கி.மீ. ஓட்டி இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே வெதுவெதுப்பில் இருக்க வேண்டும்.

லாக்கிங் ஹப்பில் கையால் திருப்புவது, தானாகப் பூட்டுவது, எப்போதும் பூட்டியே இருக்கும் இணைப்புத் தட்டு என மூன்று வகை உண்டு. பழைய வண்டிக்கு எங்கள் ஓட்டு கையால் திருப்புவதற்கே. தானியங்கி ஹப் நகர்ந்தால்தான் பூட்டும். சேற்றில் முன்னும் பின்னுமாக ஆட்டி எடுக்கும்போது ஒவ்வொரு திசை மாற்றத்திலும் விடுபட்டு விடுபட்டுப் பூட்டும். உள்ளிருக்கும் சிறு துண்டுகள் உடைவது அப்போதுதான். மாற்றும்போது நடக்கும் பிழை ஒன்று: பல தானியங்கி ஹப்களுக்குப் பின்னால் தனி நட்டும் பூட்டுத் தட்டும் இருக்கும், கையால் திருப்பும் வகைக்கு அவை வேறு. ஹப்பை மட்டும் மாற்றி அவற்றை விட்டுவிட்டால் பேரிங் நட்டு தளரும். எப்போதும் பூட்டியிருக்கும் தட்டில் கெட்டுப்போக எதுவும் இல்லை, உண்மைதான். ஆனால் முன் டிஃபரன்ஷியலும் (இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி) ஷாஃப்ட்டுகளும் நிரந்தரமாகச் சுழலும்; தேய்மானமும் எரிபொருளும் கொஞ்சம் கூடும். சேற்றிலேயே வாழும் வண்டிக்கு மட்டும் சரி.

கையால் திருப்பும் ஹப் இறுகிப்போனால் உடனே புதியது வாங்க வேண்டாம். பத்தில் ஒன்பது தடவை காய்ந்த கிரீஸ்தான் காரணம். பிரித்துக் கழுவி, மிக மெல்லிய படலமாகக் கிரீஸ் தடவிக் கட்டினால் போதும். வீல் பேரிங்குக்கு அப்புவதுபோல் இதற்குள் கிரீஸை அப்பினால் ஸ்பிரிங் நகர இடமில்லாமல் பாதிப் பூட்டில் நின்று பற்களை மொழுக்கிவிடும்.

முன் ஷாஃப்ட்: சத்தம் வருமுன், வந்தபின்

முன் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்டின் ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை கிழிந்து, ஆனால் திருப்பத்தில் ‘டக் டக்’ சத்தம் இன்னும் வரவில்லை என்றால் உறை கிட் மட்டும் போதும். ஜாயின்ட்டை முழுக்கப் பிரித்துப் பழைய கிரீஸை ஒரு பொட்டு விடாமல் கழுவி, கிட்டோடு வரும் மாலிப்டினம் கிரீஸ் மொத்தத்தையும் போடுங்கள். கழற்றாமலே ஒட்டிக்கொள்ளும் பிளவு உறைகள் அவசரத்துக்கு. அந்த ஒட்டுவாய் மறுபடி திறக்கும்.

சத்தம் வந்துவிட்டால் குண்டு ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. நம் அளவுகோலின்படி பரப்பு போய்விட்டது; உறையும் கிரீஸும் இனி வீண். புதிய ஜாயின்ட் வாங்குவதா, முழு ஷாஃப்ட் வாங்குவதா என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. மலிவான முழு ஷாஃப்ட்டைவிட, அசல் ஷாஃப்ட்டில் நல்ல வெளி ஜாயின்ட் மட்டும் மாற்றுவது பெரும்பாலும் நீடிக்கும். தனி சஸ்பென்ஷன் வண்டியில் உள் ஜாயின்ட் குறைந்த கோணத்தில் வேலை செய்வதால் தேய்வும் குறைவு. அதைத் தூக்கிப்போடக் காரணமில்லை.

ஒரே துண்டு ஆக்ஸிலில் ஜாயின்ட் உருண்டையான கூட்டுக்குள் இருக்கும். அங்கே கிரீஸ் கெட்டியாக இல்லாமல் குழம்புபோல் ஒழுகினால், வெளி வைப்பர் சீலை மாற்றிப் பயனில்லை. உள்ளே ஆக்ஸில் குழாய் முனையில் இருக்கும் சீல் போய், டிஃபரன்ஷியல் ஆயில் வந்து கிரீஸைக் கரைக்கிறது. முழு நக்கிள் (சக்கரம் திரும்பும் மூட்டு) கிட்டும், கிங்பின் பேரிங்கும் சேர்த்து இரண்டு பக்கமும் ஒரே தடவையில் செய்யுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். கூட்டுக்குள் முக்கால் அளவு மாலிப்டினம் கிரீஸ் நிரப்ப வேண்டும். கிங்பின்னின் மேல் கீழ் ஷிம் தகடுகள் எந்தப் பக்கம், எத்தனை என்று கழற்றும்போதே கட்டி வைத்துவிடுங்கள்.

ப்ராப்பெல்லர் ஷாஃப்ட்

டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் இது. அதன் முனையிலுள்ள சிலுவை வடிவ மூட்டான கிராஸைச் சுற்றி துருப்பொடி தெரிந்தால் ஊசி பேரிங் காய்ந்துவிட்டது. கழற்றுமுன் ஷாஃப்ட்டிலும் ஃப்ளாஞ்சிலும், ஷாஃப்ட் நீண்டு சுருங்க உதவும் வழுக்கு மூட்டின் இரண்டு பக்கத்திலும் பெயின்ட்டால் கோடு போடுங்கள். ஒரு பல் மாறிப் பொருந்தினாலும் இரண்டு முனை நுகங்களும் ஒரே தளத்தில் இல்லாமல் போய் வண்டி அதிரும். வைஸில் இரண்டு சாக்கெட் வைத்து அழுத்தினால் கப் வெளியே வரும். புதியதை ஏற்றும்போது சர்க்ளிப் பள்ளம் தெரியாமல் கப் பாதியில் நின்றால் மேற்கொண்டு அழுத்தாதீர்கள். உள்ளே ஒரு ஊசி சாய்ந்து அடியில் படுத்திருக்கிறது. வெளியே எடுத்து கிரீஸால் ஒட்டி நிமிர்த்துங்கள்.

கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸா, மூடிய கிராஸா? கிரீஸ் வழிக்காகத் துளைத்திருப்பதால் நிப்பிள் உள்ளது அதே அளவில் சற்று பலம் குறைந்தது. ஆனால் தண்ணீரில் இறங்கும் வண்டிக்கு, ஒழுங்காக கிரீஸ் கன் பிடிக்கும் பழக்கம் உள்ளவருக்கு, அதுதான் நல்லது. உள்ளே போன தண்ணீரைப் புது கிரீஸ் வெளியே தள்ளும். கன் பிடிக்க மறப்பவர் மூடியதையே போடலாம். வழுக்கு மூட்டில் மட்டும் அளவு மீறக் கூடாது. கிரீஸ் அடைத்துக்கொண்டால் ஸ்பிரிங் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட் சுருங்க முடியாமல் டிரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங்கை இடிக்கும்.

நுகத்தின் துளை நீண்டிருந்தாலோ வழுக்கு மூட்டின் பற்களில் ஆட்டம் இருந்தாலோ கிராஸ் கிட்டால் தீராது. கழற்றிய ஷாஃப்ட் வாங்கலாம், நீளத்தையும் ஃப்ளாஞ்சின் போல்ட் துளை இடைவெளியையும் அளந்துகொண்டு.

டிரான்ஸ்ஃபர் கேஸும் டிஃபரன்ஷியலும்

எந்தப் பெட்டியிலும் ஆயில் வடிக்குமுன் ஊற்றும் பிளக்கைத் திறந்து பாருங்கள். வடித்துவிட்டு மேல் பிளக் இறுகிப்போனது தெரிந்தால் வண்டி அங்கேயே படுத்துவிடும். ஆயில் ஊற்றும் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டால் சரியான மட்டம்.

டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தர கியர் ஆயில், 80டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-90; ஒரு பெட்டிக்குப் பெரும்பாலும் 2 லிட்டரை ஒட்டி வரும். பித்தளை சின்க்ரோ வளையம் உள்ள கியர் பாக்ஸுக்கு மேனுவல் ஜிஎல்-4 கேட்டால் ஜிஎல்-4தான். உயர்ந்தது என்று எண்ணி ஜிஎல்-5 ஊற்றினால் அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையைத் தாக்கக்கூடும். டிரான்ஸ்ஃபர் கேஸில் சங்கிலி வகைகள் பெரும்பாலும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான ஆயில்) கேட்கும், பல்சக்கர வகைகள் கியர் ஆயில் கேட்கும். இங்கே யூகம் வேண்டாம்.

கியர் பாக்ஸில் ஆயில் குறைந்துகொண்டே வருகிறது, கீழே ஒரு சொட்டும் இல்லை என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பிளக்கைத் திறங்கள். அங்கே மட்டத்துக்கு மேல் ஆயில் கொட்டினால் இரண்டுக்கும் நடுவிலுள்ள சீல் போய்விட்டது. சீல் சிறியதுதான், ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கியாக வேண்டும். இறக்கியபின் எல்லாச் சீலையும் மாற்றிவிடுங்கள்.

4எல் (குறைந்த வேக 4 வீல் டிரைவ்) போட்டு ஏற்றத்தில் இழுக்கும்போது ‘மடார்’ என்று பல் தாண்டும் சத்தம் வந்தால் சங்கிலி நீண்டுவிட்டது. சங்கிலியோடு இரண்டு பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் கழற்றிய முழு டிரான்ஸ்ஃபர் கேஸ் பல நேரம் புத்திசாலித்தனம். ஆயிலை வடித்துப் பார்த்து, காந்தத்தில் உலோகத் துண்டு ஒட்டாமல் நுண்பொடி மட்டும் இருந்தால் வாங்கலாம்.

டிஃபரன்ஷியலில் ப்ராப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் சிறு பல்சக்கரமான பினியனின் சீல் வீட்டில் செய்யக்கூடியதே, ஒரு எச்சரிக்கையோடு. நட்டு, ஷாஃப்ட், ஃப்ளாஞ்ச் மூன்றிலும் ஒரே நேர்கோட்டில் புள்ளி வைத்து, நட்டுக்கு வெளியே தெரியும் மரைகளை எண்ணிக் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். திரும்ப அதே புள்ளிக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். நசுங்கும் ஸ்லீவ் உள்ள வகையில் அதைத் தாண்டி ஓங்கி இறுக்கினால் பினியன் பேரிங் சில நூறு கிலோமீட்டரில் கருகும். ஃப்ளாஞ்சில் சீல் உதடு ஓடிய பள்ளம் இருந்தால் புதிய சீலை 2 மி.மீ. முன்னே அல்லது பின்னே உட்கார வைத்து உதட்டைப் புதுத் தடத்தில் ஓடவிடலாம். பள்ளம் ஆழமென்றால் மெல்லிய பழுது ஸ்லீவ் ஏற்றலாம்.

கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் பினியனும் சேர்ந்த ஜோடியை மாற்றுவது வேறு கதை. 0.15 மி.மீ. அளவிலான பல் இடைவெளியை டயல் கேஜில் வைத்து, பல் படிந்த தடத்தை நிறம் பூசிப் படிக்கத் தெரிந்தவர் செய்யட்டும். வீட்டில் இருப்பவருக்கு நல்ல வழி, அமைப்பு செய்து முடித்த கழற்றிய தொகுதியை அப்படியே மாற்றுவது. ஆனால் முன்னும் பின்னும் ஒரே பல் விகிதம் இருக்க வேண்டும். அதை அறிய, ஒரு பின் சக்கரத்தைத் தரையில் வைத்து மற்றதை மட்டும் தூக்கி, கியர் நியூட்ரலில், தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள். ப்ராப்பெல்லர் ஷாஃப்ட் 41 சுற்று சுற்றினால் விகிதம் 4.1, 43 சுற்றினால் 4.3. லாக் இல்லாத சாதாரண டிஃபரன்ஷியலுக்கு இந்தக் கணக்கு. விகிதம் மாறிய ஜோடியோடு 4எச் (வழக்கமான வேக 4 வீல் டிரைவ்) போட்டால் நடுவில் ஏதாவது ஒன்று முறுக்கித் தெறிக்கும். முன்னும் பின்னும் வேறு அளவு டயர் போட்டாலும் இதே முறுக்குத்தான்.

சீல் அடிக்கடி போகிறதென்றால் சீலைத் திட்டாதீர்கள், ஆக்ஸிலின் மேலிருக்கும் மூச்சுக் குழாயைப் பாருங்கள். அது சேற்றால் அடைபட்டால் சூடேறிய காற்று சீல் வழியே ஆயிலைத் தள்ளும். சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி அதே சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். பால் கலந்த காபி நிறத்தில் ஆயில் வந்தால் இதுதான் நடந்திருக்கிறது. ஒன்றரை மீட்டர் ரப்பர் குழாயை மாட்டி எஞ்சின் அறையின் உச்சிக்குக் கொண்டுபோனால் தீர்ந்தது. இந்த வண்டியில் செய்யக்கூடிய மலிவான நல்ல வேலை இது.

பிரேக்: இங்கே மட்டும் வேறு நியாயம்

கேலிப்பர் பிஸ்டன் பளபளப்பாக இருந்தால் ரப்பர் கிட் போடுவது சரியே. ரப்பர் உட்காரும் பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் கேலிப்பர் புதியதுபோல் ஓடும். பின் டிரம்மின் வீல் சிலிண்டரும் மாஸ்டர் சிலிண்டரும் அப்படியல்ல. உட்சுவரில் ஒரு புள்ளி அரிப்பு இருந்தாலும் புதிய கப்பை அது கிழிக்கும். தேய்த்து வழவழப்பாக்கினால் துளை பெரிதாகும். புதியது போடுங்கள். கழற்றிய பிரேக் சிலிண்டர், கழற்றிய ஹோஸ் இரண்டும் எந்த விலைக்கும் வேண்டாம்.

பழைய மாஸ்டர் சிலிண்டர் நன்றாக வேலை செய்துகொண்டிருந்து, பிரேக் ஆயில் மாற்றிய மறுநாள் பெடல் இறங்கினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வழக்கமாக பெடல் பாதிதான் போகும். அதற்கு அப்பால் சிலிண்டரில் துரு படிந்திருக்கும். ஆயில் மாற்றியபின் குழாயிலிருந்து காற்று எடுக்கும்போது தரைவரை மிதித்தால் கப் அந்தத் துருவில் ஏறிக் கிழிகிறது. பெடலுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்து முழுதும் போகாமல் தடுத்தால் போதும்.

டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சியபின் அது 155 வரை இறங்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஒரு லிட்டர் போதும். சிலிக்கான் வகையான டாட் 5ஐ இதோடு கலக்கக் கூடாது. ரப்பரில் பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் ஊதிவிடும். பிரேக்குக்கான ரப்பர் கிரீஸ் தனி.

ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டு சூடேறுகிறதா? பிரேக்கில் காற்று எடுக்கும் நிப்பிளைத் திறங்கள். அழுத்தம் பீய்ச்சிக்கொண்டு வெளியேறிச் சக்கரம் விடுபட்டால், ஹோஸ் உள்ளே ஊதி ஒருவழிக் கதவாக மாறியிருக்கலாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. விடுபடவில்லை என்றால் பிஸ்டனோ வழுக்கு ஊசியோ இறுகியிருக்கிறது.

பின் ஆக்ஸிலுக்கு மேல் ஒரு கம்பியோடு இருக்கும் பாரம் உணரும் வால்வையும் மறக்க வேண்டாம். வண்டியை உயர்த்தியிருந்தால் அந்த வால்வுக்கு வண்டி எப்போதும் காலியாகத்தான் தெரியும். பாரம் ஏற்றினாலும் பின் பிரேக்குக்கு அழுத்தம் குறையும். கம்பியின் தாங்கியை அதற்கேற்ப மாற்ற வேண்டும். ஆயில் நனைந்த பிரேக் ஷூவைக் கழுவிப் போடாதீர்கள். பழைய டிரம்மின் தூசியில் கல்நார் இருக்கலாம். காற்றடிக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

மற்றவை, சுருக்கமாக

சாவி திருப்பினால் ஒரு ‘டிக்’ மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் வாங்க ஓடாதீர்கள். பேட்டரியும் எர்த் வயரும் சரியென்றால், பல ஜப்பானிய ஸ்டார்ட்டர்களில் சாலினாய்டுக்குள் இருக்கும் இரண்டு செம்புத் தொடுவாய்கள் தேய்ந்திருக்கும். அவை தனியாகக் கிடைக்கும். ஒரு மணி நேர வேலை. வாட்டர் பம்பின் கசிவுத் துளையில் ஈரம் தெரிந்தால் முழு பம்ப். செம்பு ரேடியேட்டரைப் பற்றவைக்கலாம், நடுக்கூடு மாற்றலாம். பிளாஸ்டிக் தொட்டி வகை விரிசல் விட்டால் புதியது. டைமிங் பெல்ட் மாற்றும்போது பழைய டென்ஷனரை விட்டுவைப்பது கஞ்சத்தனம் அல்ல, சூதாட்டம். டீசல் இன்ஜெக்டரை வீட்டில் சோதிக்க வேண்டாம், அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

கிளட்சுக்காக கியர் பாக்ஸை இறக்கினால் டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க்கின் பின் சீல் ஐந்தையும் ஒன்றாக மாற்றுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸோடு சேர்ந்த கியர் பாக்ஸை இருவர் கையால் தாங்க முடியாது. கியர் பாக்ஸ் ஜாக்கி இல்லையென்றால் இந்த வேலையைப் பட்டறைக்கு விடுவதே மேல்.

பேரிங், சீல் வாங்கும்போது வண்டியின் பெயரைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லுங்கள். பேரிங் எண் வளையத்திலேயே பொறித்திருக்கும். சீலில் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் இருக்கும். கோயோ, என்டிஎன், டிம்கென், எஸ்கேஎஃப் போன்ற பேரிங்குகளை வண்டி நிறுவனத்தின் பெட்டியில் வாங்கினாலும் பேரிங் கடையில் வாங்கினாலும் சரக்கு பெரும்பாலும் ஒன்றே. போலிதான் பயம், ஆகவே நம்பகமான கடை முக்கியம். ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், எஞ்சின் மவுன்ட் ஆகியவற்றில் மட்டும் அசல் பாகத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். மலிவு ரப்பர் சீக்கிரம் வெடிக்கும்.

பட்டை ஸ்பிரிங் வேலையில் யூ-போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. இறுக்கும்போது நீளும் போல்ட் அது, மரையும் உருமாறியிருக்கும். ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம் இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் இறக்கியவுடனே ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். டார்ஷன் பார் இடது வலது மாறக் கூடாது; முனையிலிருக்கும் குறியையும் பற்களின் நிலையையும் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். யூ-போல்ட் நட்டுகளை 200 கி.மீ. ஓடியபின் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள், கொஞ்சமாவது திரும்பும்.